விண்வெளிக்கு ஓர் அஞ்சல் நிலையம்

"கடிதம் எழுதும் வழக்கமே மறைந்துவிட்டது" என்று பெரியவர்கள் வருந்துவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கைப்பேசியை விரலால் தொட்ட மறுகணமே அயல்நாட்டிலுள்ள சித்தப்பாவின் முகம் தெரிகிறது. பிறகு கடிதம் எதற்கு? ஆனால் மறைந்ததாக நாம் எண்ணும் அந்த அஞ்சல் முறை, இன்று தலைசிறந்த விஞ்ஞானிகளின் கைகளில் புத்துயிர் பெற்றிருக்கிறது. புத்துயிர் பெற்ற இடம் விண்வெளி! சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் அவற்றுக்கு அப்பாலும் இணையத்தைக் கொண்டு செல்ல முயன்றவர்கள், பூமியில் நாம் பயன்படுத்தும் இணையம் அங்கே பயன்படாது என்று கண்டார்கள். தபால்காரரின் பழைய வழியே அங்கு ஏற்றது என்றும் கண்டார்கள். அது ஏன், எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பூமியின் இணையம்

முதலில் நமது இணையத்தின் கதையைச் சற்று நினைவுகூர்வோம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்த ஒரு கணிப்பொறி, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த மற்றொரு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்ப முயன்றது. அனுப்ப வேண்டியது 'லாகின்' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல். இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. அதற்குள் கணிப்பொறி செயலிழந்து நின்றுவிட்டது! ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முழுச் சொல்லும் போயிற்று. 1974-ஆம் ஆண்டு வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர், வெவ்வேறு வகைக் கணிப்பொறி வலைகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகளை வகுத்து வெளியிட்டனர். 1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவ்விதிகள் நடைமுறைக்கு வந்தன. இன்றைய இணையம் அவற்றின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

அவ்விதிகளின் சாரம் இதுதான். நாம் அனுப்பும் படமோ கடிதமோ சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுதப்படுகிறது. ஆனால் துண்டுகளை அனுப்பும் முன்பே இரு கணிப்பொறிகளும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. "பேசலாமா?" என்கிறது ஒன்று. "பேசலாம்" என்கிறது மற்றொன்று. "சரி, தொடங்குகிறேன்" என்கிறது முதலாவது. அதன்பின் துண்டுகள் செல்கின்றன. "கிடைத்தது, கிடைத்தது" என்று மறுமொழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. மறுமொழி வராவிட்டால் அதே துண்டு மறுபடி அனுப்பப்படும். பலமுறை அனுப்பியும் பதில் இல்லையென்றால் தொடர்பு துண்டிக்கப்படும். வழியிலுள்ள கணிப்பொறிகளோ, மேலே செல்லப் பாதை இல்லையெனில் கையிலுள்ள துண்டைத் தயங்காமல் வீசிவிடுகின்றன. 'அனுப்பியவர் அடுத்த நொடியே மறுபடி அனுப்புவார், கவலை இல்லை' என்பது அவற்றின் எண்ணம்.

ஆக, நமது இணையம் மூன்று நம்பிக்கைகளின் மேல் கட்டப்பட்டது. எதிர்முனையில் இருப்பவர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்று. பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும் என்பது இரண்டு. இரு முனைகளுக்கும் இடையே பாதை முழுவதும் திறந்தே இருக்கும் என்பது மூன்று. பூமியில் இம்மூன்றும் பெரும்பாலும் உண்மை. விண்வெளியிலோ மூன்றுமே பொய்யாகிவிடுகின்றன.

வானத்தில் வரும் தடைகள்

முதல் தடை தொலைவு. ஒளியும் ரேடியோ அலைகளும் விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. இதைவிட விரைவாகச் செய்தி அனுப்ப எவராலும் இயலாது. சந்திரன் சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது, அங்கே செய்தி போய்ச் சேர 1.3 விநாடி ஆகும். செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக அருகில் வரும்போது சுமார் 5.5 கோடி கி.மீ. தொலைவிலும், மிக விலகும்போது சுமார் 40 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கும். ஒருவழிச் செய்திக்கே 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகிறது. "பேசலாமா?" என்று கேட்டு, "பேசலாம்" என்ற பதிலைப் பெறவே 44 நிமிடம் ஆகிவிடலாம். அவ்வாறு நான்கு முறை கேள்வியும் பதிலுமாகப் போய்வர நேர்ந்தால், ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் மூன்று மணி நேரம் கழிந்துவிடும்.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கிய நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. வளிமண்டலத்தைத் தொட்டதிலிருந்து தரையில் இறங்கும் வரை அதற்கு ஆன நேரம் சுமார் 7 நிமிடம். செய்தி பூமிக்கு வர ஆன நேரமோ 11 நிமிடத்துக்கு மேல்! அதாவது, "இறங்கத் தொடங்கிவிட்டது" என்ற செய்தி பூமிக்கு வந்த வேளையில், ஊர்தி ஏற்கெனவே செவ்வாய் மண்ணில் நின்றுகொண்டிருந்தது. உதவிக்கு யாரையும் அழைக்க அதற்கு நேரமில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் தானே செய்துகொண்டது.

இரண்டாம் தடை சுழற்சி. பூமி சுழல்கிறது, செவ்வாயும் சுழல்கிறது, செயற்கைக் கோள்கள் அவற்றைச் சுற்றுகின்றன. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கோளத்தின் பின்னால் மறைந்துவிடுவார். இதனால்தான் நாசா தனது ஆழ்விண்வெளித் தொடர்பு நிலையங்களை கலிபோர்னியாவிலுள்ள கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினிலுள்ள மாட்ரிட், ஆஸ்திரேலியாவிலுள்ள கான்பெரா என்று உலகைச் சுற்றி மூன்று இடங்களில் அமைத்திருக்கிறது. ஒரு நிலையத்திலிருந்து விண்கலம் மறையும்போது அடுத்த நிலையத்துக்கு அது உதயமாகும். இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறை சூரியனே பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே வந்துவிடும். அப்போது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குச் செவ்வாயிலுள்ள கலங்களுக்கு ஆணைகள் அனுப்புவதை நிறுத்திவைப்பார்கள்.

மூன்றாம் தடை, அருகில் துணையின்மை. வாயேஜர்-2 விண்கலம் 1977-ஆம் ஆண்டு ஏவப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அனுப்பப்பட்ட ஆணை ஒன்றால் அதன் ஆண்டெனா பூமியைவிட்டு 2 பாகை விலகித் திரும்பிவிட்டது. இரண்டு பாகை என்பது மிகச் சிறிய கோணம். ஆனால் தொடர்பு அடியோடு அற்றுப்போனது. "பூமி இந்தப் பக்கம்" என்று எடுத்துச் சொல்ல அக்கலத்தின் அருகில் வேறொருவரும் இல்லை. இறுதியில் கான்பெரா நிலையத்தின் பெரிய ஆண்டெனாவிலிருந்து மிகுந்த வலிமையோடு ஆணை அனுப்பினார்கள். அது போய்ச் சேர 18 மணி நேரத்துக்கு மேலும், பலன் தெரிந்து பதில் வர அதே அளவும் ஆயிற்று. சுமார் 37 மணி நேரம் காத்திருந்த பிறகு, ஆகஸ்டு 4-ஆம் நாள் அதன் குரல் மறுபடி கேட்டது.

தபால்காரர் காட்டிய வழி

1998-ஆம் ஆண்டு, பூமியின் இணையத்துக்கு விதி வகுத்த அதே வின்ட் செர்ஃப், பாசடேனா நகரிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தின் ஏட்ரியன் ஹூக் முதலியோருடன் சேர்ந்து, கோள்களுக்கு இடையே இணையம் அமைக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். இன்னும் 25 ஆண்டுகள் கழித்து எது தேவைப்படுமோ அதை இன்றே தொடங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தாம் வகுத்த விதிகளே விண்வெளிக்கு ஒத்துவரவில்லை என்று கண்டபோது, அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிராமல் புதிய விதிகளைத் தேடினார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. கெவின் ஃபால் என்னும் விஞ்ஞானி இப்புதிய முறையை 2003-ஆம் ஆண்டு விரிவாக விளக்கி எழுதினார். தாமதத்தைத் தாங்கும் வலையமைப்பு என்பது இதன் பெயர். 2007-ஆம் ஆண்டு இதன் விதிகள் உலகறிய வெளியிடப்பட்டன. 2022-ஆம் ஆண்டு திருத்திய பதிப்பு வெளிவந்தது.

இம்முறையை விளங்கிக்கொள்ளத் தொலைபேசியையும் தபாலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். நடுவில் கம்பி அறுந்தால் பேச்சும் அறுந்தது. தபாலில் அப்படியில்லை. நாம் எழுதிய கடிதம் தபால் பெட்டியில் காத்திருக்கும். பின் அஞ்சல் நிலையத்தில் காத்திருக்கும். இரவு ரயில் வரும்வரை காத்திருக்கும். வெள்ளத்தால் ரயில் ஒருநாள் வராவிட்டாலும் கடிதத்தை யாரும் குப்பையில் எறிவதில்லை. பாதை திறந்ததும் அது மேலே செல்கிறது. 'பெற்றுக்கொள், பத்திரமாக வைத்திரு, வழி திறந்ததும் அனுப்பு' என்பதே விண்வெளி இணையத்தின் முதல் விதி.

இரண்டாவது விதி, பொறுப்பைக் கைமாற்றுவது. நம் பெற்றோர் பதிவுத் தபாலை நன்கு அறிவார்கள். (2025-ஆம் ஆண்டில் அது விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது.) கையொப்பம் வாங்காமல் அதைக் கைமாற்ற மாட்டார்கள். அதுபோலவே விண்வெளியிலும், அடுத்த நிலையம் முழுமையாகப் பெற்றுக்கொண்டது என்று உறுதியாகும்வரை, கையிலிருக்கும் பிரதியை அழிக்காமல் வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு. வழியில் செய்தி கெட்டுப்போனால் செவ்வாயிலிருந்து மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. கடைசியாக வைத்திருந்த நிலையமே மறுபடி அனுப்பும்.

மூன்றாவது விதி, உறைக்குள் எல்லாவற்றையும் வைத்துவிடுவது. அடிக்கடி கேள்வி கேட்க முடியாத இடத்தில், கேட்கப்படக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதிவிட வேண்டும். செய்தி, முகவரி, அனுப்பியவர் யார், எத்தனை காலம்வரை இது செல்லும் என்பன யாவும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. அது நம்மவருடைய ஆணைதானா, பிறர் புகுத்திய போலியா என்று சோதித்தறிய முத்திரையும் அதனுள்ளேயே வைக்கலாம். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ஒரு விண்கலத்துக்கு யாரோ ஒருவர் பொய் ஆணை அனுப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், இம்முத்திரையின் அருமை விளங்கும்.

நான்காவதாக ஒரு வசதியும் உண்டு. பூமியில் எந்தப் பாதை எப்போது அடைபடும் என்று முன்கூட்டித் தெரியாது. வானத்திலோ கோள்கள் கணக்குத் தவறாமல் ஓடுகின்றன. எந்தச் செயற்கைக் கோள் எத்தனை மணிக்கு எங்கே உதிக்கும், எத்தனை நிமிடம் தெரியும் என்பதைப் பல நாட்களுக்கு முன்பே கணக்கிடலாம். எனவே ஒவ்வொரு நிலையத்திலும் ரயில்வே கால அட்டவணை போன்ற ஓர் அட்டவணை இருக்கும். "இந்தக் கட்டை அடுத்த வண்டியில் ஏற்றுவதா, அதற்கடுத்த வண்டியில் ஏற்றுவதா?" என்பதைக் கணிப்பொறி அதைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும்.

ஒரு படத்தின் பயணம்

2012-ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி ஒரு பாறையைப் படம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பூமிக்கு நேராகவே பேசலாம். ஆனால் அதன் குரல் மெல்லியது. செவ்வாயைச் சுற்றும் கலம் ஒன்று அதன் தலைக்கு மேலே ஏறத்தாழ 8 நிமிடம் கடந்து செல்லும். அந்த 8 நிமிடத்தில் 10 கோடி முதல் 25 கோடி பிட் வரை தகவலை மேலே ஏற்றிவிடலாம். அதே 25 கோடி பிட்டை நேரே பூமிக்கு அனுப்பினால் 20 மணி நேரம் வரை பிடிக்கும். சுற்றுகலமோ பெரிய ஆண்டெனா உடையது; நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் பூமியைக் காணக்கூடியது. அது படத்தைத் தன்னிடம் வைத்திருந்து, தக்க நேரத்தில் பூமியிலுள்ள நிலையத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து விஞ்ஞானிகளின் மேசைக்குப் படம் வருகிறது.

இந்த ஒப்படைப்புகளை எல்லாம் இதுவரை பெரும்பாலும் மனிதர்களே முன்கூட்டித் திட்டமிட்டு, ஒவ்வொன்றாக ஆணையிட்டு வந்திருக்கிறார்கள். கலங்கள் சிலவாக இருக்கும்வரை அது முடியும். நாளை சந்திரனில் பல நாடுகளின் கலங்களும், மனிதர்களும், ஆய்வுக்கூடங்களும் நிறைந்துவிட்டால்? ஊரிலுள்ள ஒவ்வொரு கடிதத்துக்கும் வழி சொல்ல ஒரு தனி அதிகாரி உட்கார்ந்திருக்க முடியுமா? தானே வழியறிந்து செல்லும் வலையமைப்பு தேவைப்படுவது இதனால்தான்.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

இதைப் படித்தபின், எங்கள் வகுப்பில் ஒரு மதிய இடைவேளையில் சிறிய சோதனை ஒன்று செய்து பார்த்தோம். கீழ்த்தளத்தில் ஒரு மாணவி, மாடியில் அறிவியல் கூடத்தின் வாசலில் ஒரு மாணவி, இடையே படிக்கட்டில் ஒரு தூதுவர். தூதுவர் இரண்டு நிமிடம் படிக்கட்டில் இருப்பார். இரண்டு நிமிடம் மறைந்துவிடுவார். கீழேயுள்ளவர் பத்து வரிகளைப் பத்துத் துண்டுச் சீட்டுகளில் அனுப்ப வேண்டும். முதல் முறையில், ஒரு சீட்டுக்கு "கிடைத்தது" என்ற பதில் வந்த பிறகே அடுத்த சீட்டு. தூதுவர் இல்லாத வேளையில் வரும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். இரண்டாம் முறையில், படிக்கட்டில் ஒரு அட்டைப்பெட்டி. தூதுவர் எப்போது வந்தாலும் பெட்டியிலுள்ளதை எல்லாம் எடுத்துச் செல்லலாம்.

பத்து நிமிடத்தில் முதல் முறையில் மூன்று வரிகளே மாடியை அடைந்தன. இரண்டாம் முறையில் பத்தும் அடைந்தன, ஒன்றுகூடக் கிழியவில்லை. மற்றொன்றையும் கவனித்தோம். முதல் முறையில் சீட்டுகளில் "சரியா?", "புரிந்ததா?" என்பன போன்ற அரைகுறைச் சொற்களே இருந்தன. இரண்டாம் முறையில் எழுதியவர், திரும்பக் கேட்க வழியில்லை என்று தெரிந்து, ஒவ்வொரு வரியையும் முழுமையாகவும் தெளிவாகவும் எழுதியிருந்தார். காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் எழுத்தில் கவனம் தானே வந்துவிடுகிறது!

வெற்றிப் படிகள்

இனி விஞ்ஞானிகள் செய்த உண்மையான சோதனைகளைக் காண்போம். 2008-ஆம் ஆண்டு நவம்பரில், பூமியிலிருந்து சுமார் 3 கோடியே 20 இலட்சம் கி.மீ. தொலைவில், ஒரு வால்நட்சத்திரத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த எபாக்ஸி என்னும் விண்கலத்தை அஞ்சல் நிலையமாக்கிப் பல படங்களை இம்முறையில் அனுப்பிப் பெற்றார்கள். 2012-ஆம் ஆண்டு அக்டோபரில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தலைவராக இருந்த சுனிதா வில்லியம்ஸ், அங்கிருந்தபடியே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலிருந்த ஒரு சிறு லெகோ ரோபோவை இம்முறையில் இயக்கிக் காட்டினார். 2016-ஆம் ஆண்டு முதல் அந்நிலையத்தில் இது நிலையான சேவையாயிற்று.

2022-ஆம் ஆண்டு தென்கொரியா ஏவிய தனுரி என்னும் சந்திரக் கலம் நம் வயதினருக்குப் பிடித்தமான ஒன்றைச் செய்தது. சுமார் 12 இலட்சம் கி.மீ. தொலைவிலிருந்து, பி.டி.எஸ். குழுவினரின் 'டைனமைட்' பாடல் காட்சியை இம்முறையில் பூமிக்கு அனுப்பியது! 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் என்னும் நாசாவின் செயற்கைக் கோள், கடலின் நிறத்தையும் மேகங்களையும் ஆராய்கிறது. சோதனைக்காக அன்றி அன்றாடப் பணிக்கே இம்முறையைப் பயன்படுத்தும் கோள் அது.

அனுப்பும் வேகத்தைக் கூட்டும் முயற்சியும் உடன் நடைபெறுகிறது. ரேடியோ அலைகளுக்குப் பதிலாக லேசர் ஒளியைப் பயன்படுத்தினால் மிகுதியான தகவலை ஏற்றலாம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், சைக்கி விண்கலத்திலிருந்து, சுமார் 3 கோடியே 10 இலட்சம் கி.மீ. தொலைவிலிருந்து, ஒரு பூனை விளையாடும் காட்சி லேசர் மூலம் பூமிக்கு வந்தது. விநாடிக்கு 26 கோடியே 70 இலட்சம் பிட் என்னும் வேகத்தில் வந்த அச்செய்தி, வழியில் எடுத்துக்கொண்ட நேரம் 101 விநாடி. இங்கே ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். லேசர் என்பது சாலையை அகலப்படுத்துவது போன்றது. ஒரே நேரத்தில் பல வண்டிகள் செல்லலாம். சாலையின் நீளம் குறைவதில்லை. ஆகவே லேசர் வந்தாலும் காத்திருத்தல் மாறாது. தவிர, மேகம் சூழ்ந்தால் லேசர் பூமியை எட்டாது. அப்போதும் செய்தியைப் பத்திரமாக வைத்திருந்து அனுப்பும் அஞ்சல் முறையே கைகொடுக்கும்.

நிலவில் உதவும் கரங்கள்

சந்திரன் எப்போதும் ஒரு பக்கத்தையே நமக்குக் காட்டுகிறது. மறுபக்கத்தில் இறங்கும் கலம் நம்மோடு நேராகப் பேச முடியாது. எனவே சீனா 2018-ஆம் ஆண்டு மே மாதம் சுவெச்சியாவ் என்னும் அஞ்சல் கோளை முதலில் அனுப்பி, சந்திரனுக்கு அப்பால் நிறுத்தியது. அதன் பிறகே 2019-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் சாங்'இ-4 கலத்தை மறுபக்கத்தில் இறக்கியது. செய்திக்கு வழி அமைத்துவிட்டுப் பிறகு பயணம் புறப்பட்டது எவ்வளவு முன்யோசனை!

நம் பாரத நாட்டின் சாதனையிலும் இதே பாடம் உண்டு. சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் 2019-ஆம் ஆண்டு பத்திரமாக இறங்கத் தவறியது. ஆனால் அதன் சுற்றுகலம் சந்திரனைச் சுற்றித் தன் பணியைத் தொடர்ந்தது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள், புதிதாக வந்த சந்திரயான்-3-இன் விக்ரம் கலத்தை அந்தப் பழைய சுற்றுகலம் வரவேற்று அதனுடன் தொடர்பு கொண்டது. இரண்டு நாள் கழித்து விக்ரம் நிலவில் இறங்கியது. பிரக்யான் ஊர்தி விக்ரமிடம் மட்டுமே பேசியது. விக்ரம் பெங்களூரு அருகே பியாலாலுவிலுள்ள நம் ஆழ்விண்வெளி நிலையத்துடன் பேசியது. தேவைப்பட்டால் சுற்றுகலமும் நடுவில் நின்று உதவ ஏற்பாடு இருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க நிலையங்களும் இப்பயணத்துக்குத் துணை செய்தன. சந்திரயான்-2-க்குத் திட்ட இயக்குநராக இருந்தவர் முத்தையா வனிதா என்னும் பெண்மணி. சந்திரயான்-3-க்கு விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இப்பெயர்களை எழுதும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது.

நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டுமானால் எல்லாக் கலங்களும் ஒரே விதிப்படி பேச வேண்டும். அதற்காகவே நாசாவும், ஐரோப்பிய, ஜப்பானிய விண்வெளி நிறுவனங்களும் சேர்ந்து லூனாநெட் என்னும் பொது விதிமுறைகளை வகுத்து வருகின்றன. வழி எளிதானதன்று. 2025-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள், கைப்பேசி வலையமைப்புக் கருவியைச் சுமந்து சென்ற அதீனா கலம் நிலவில் சாய்ந்து விழுந்தது. கருவிக்குச் சிறிது நேரமே மின்சாரம் கிடைத்தது. நிலவில் முதல் கைப்பேசி அழைப்பு என்ற எண்ணம் அம்முறை நிறைவேறவில்லை.

மண்ணுக்கும் பயன்

"வானத்துக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கத் தோன்றலாம். காத்திருந்து ஒப்படைக்கும் இதே தத்துவம் பூமியிலும் பயன்பட்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் வட்டாரத்தில், இணையக் கம்பி எட்டாத கிராமங்களுக்கு 'டாக்நெட்' என்னும் திட்டம் நடைபெற்றது. டாக் என்றால் இந்தியில் தபால். ஊருக்குள் வரும் பஸ்ஸில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். பஸ் கிராமத்தைக் கடக்கும்போது, அங்குள்ள கணிப்பொறியிலிருந்து நிலப் பதிவுகள் பற்றிய விண்ணப்பங்கள் கம்பியின்றி அதில் ஏறிக்கொள்ளும். பஸ் நகரத்தை அடைந்ததும் இறங்கிக்கொள்ளும். செவ்வாயைச் சுற்றும் கலம் செய்யும் வேலையை அந்தப் பஸ் செய்தது! புயலிலும் வெள்ளத்திலும் கோபுரங்கள் சாய்ந்து தொடர்பு அறுபடும் நாட்களிலும் இத்தகைய முறை உதவக்கூடும்.

எது முடியாது?

நல்ல விஷயத்தைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்வதே நேர்மை. எத்தனை சிறந்த வலையமைப்பை அமைத்தாலும் ஒளியின் வேகத்தை மீற முடியாது. நாளை செவ்வாயில் ஒருவர் திடீரென நோயுற்றால், பூமியிலுள்ள மருத்துவரின் ஆலோசனை வந்து சேர 44 நிமிடம் வரை ஆகலாம். சூரியன் குறுக்கே நிற்கும் வாரங்களில் வராமலே போகலாம். ஆகவே அங்கே செல்பவர்களுக்கு இணையத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. மருத்துவம் அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். அறிவைத் தேடி எடுக்க முடியாத இடத்தில், தலையில் இருக்கும் அறிவே உதவும். இது செவ்வாய்க்கு மட்டுமல்ல, தேர்வு அறைக்கும் பொருந்தும் உண்மை!

மற்றொன்று, வீட்டு நினைவு. செவ்வாயிலிருந்து ஒரு மகள் தன் அம்மாவோடு தொலைபேசியில் பேச இயலாது. "சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்டால், பதில் வருவதற்குள் அம்மா சமைத்து முடித்துவிடுவார். ஆனால் மகள் அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம். குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். உடல்நலம், உணவு, உறக்கம், மன வருத்தம் என்று அம்மா கேட்கக்கூடிய எல்லாவற்றையும் தானே நினைத்துப் பார்த்து எழுத வேண்டும். அக்கடிதம் சுற்றுகலத்தில் காத்திருக்கும். சூரியன் விலகக் காத்திருக்கும். பூமியில் நிலையம் உதிக்கக் காத்திருக்கும். ஆனால் தொலையாமல் வந்து சேரும். அப்படித் தொலையாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

தோழியரே! விரைவு ஒன்றையே பெரிதாக எண்ணும் காலத்தில் நாம் வாழ்கிறோம். ஒரு செய்திக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் தோழி மீது கோபம் கொள்கிறோம். மனிதன் அமைக்கும் வலைகளிலேயே மிக நீண்டதாகப் போகும் இந்த வலையோ பொறுமையையே அடித்தளமாகக் கொண்டது. பெற்றதைக் காப்பது, உரியவரிடம் சேர்ப்பது, அதுவரை கைவிடாதிருப்பது ஆகியவையே அதன் விதிகள். இவ்விதிகளை இன்னும் செம்மையாக்கவும், சந்திரனிலும் செவ்வாயிலும் அஞ்சல் நிலையங்களை அமைக்கவும் பொறியாளர்கள் பலர் தேவைப்படுவார்கள். கணிதத்தையும் இயற்பியலையும் கண்டு அஞ்சாமல் கற்போம். கூடவே, திரும்பக் கேட்க வேண்டாதபடி தெளிவாக ஒரு கடிதம் எழுதவும் பழகுவோம். கோள்களுக்கிடையே செல்லப்போகும் அஞ்சல் பைகளைக் கட்டும் கைகளில் நம் கைகளும் இருக்க முயல்வோமாக!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி